இலச்சினை பிறக்கும் விதம்

காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரம் முதல் இரவில் புத்தகத்தை மூடி வைக்கும் வரை நம் கண்ணில் படும் சின்னங்கள்தாம் எத்தனை! சீருடையின் சட்டைப் பையில் பள்ளிச் சின்னம். பேருந்தின் பக்கவாட்டில் போக்குவரத்துக் கழகத்தின் சின்னம். சோப்பு உறையில் ஒன்று. வங்கியின் பெயர்ப்பலகையில் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட இவற்றை அடையாளம் கண்டுகொள்கிறது. மீனைக் கண்டால் பாண்டியன் என்றும், புலியைக் கண்டால் சோழன் என்றும், வில்லைக் கண்டால் சேரன் என்றும் அன்று நம் முன்னோர் அறிந்தனர். இன்று அரசர்களின் இடத்தில் நிறுவனங்களும் சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் இருக்கின்றன. அவை தம்மை உலகுக்கு அறிவித்துக்கொள்ளும் வடிவத்தையே இலச்சினை என்கிறோம். பேச்சு வழக்கில் அதுவே லோகோ.

இந்த இலச்சினை எவ்வாறு பிறக்கிறது? கலைஞர் ஒருவர் கண்ணை மூடிச் சிந்திக்கிறார். மின்னலென ஒரு வடிவம் தோன்றுகிறது. அதைத் தாளில் வரைந்து கொடுத்துவிடுகிறார். இப்படித்தான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. அது அரிசியில் கல் பொறுக்குவது போன்ற பொறுமையான வேலை. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அதே சமயம் நீக்கக் கூடாத ஒன்றைக் கை தவறியும் நீக்கிவிடக் கூடாது. எதை விடுவது, எதைக் காப்பது என்று அறிவதே வடிவமைப்பாளரின் கலை. இதை ஓர் உண்மை வரலாற்றின் துணைகொண்டு படிப்படியாகக் காண்போம்.

நீல நிறப் பின்னணி. அதில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் வெள்ளை நிற மனித உருவம். ரயில் நிலையத்திலும், மருத்துவமனையிலும், வாகனங்கள் நிறுத்தும் இடத்திலும் இந்தச் சின்னத்தை நாம் பார்த்திருக்கிறோம். இது ஒரு கம்பெனியின் இலச்சினையன்று. உலகத்துக்கெல்லாம் பொதுவான சின்னம். ஆயினும் இலச்சினை வரைவோர் கடந்து செல்லும் படிகள் யாவும் இதன் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

1. முதற்படி: கேட்டல்

நல்ல வடிவமைப்பாளர் முதலில் பென்சிலை எடுப்பதில்லை. கேள்விகளைக் கேட்கிறார். இந்தச் சின்னம் யாருக்காக? அவர்கள் இதை எங்கே பார்ப்பார்கள்? பார்த்தவுடன் அவர்கள் மனத்தில் என்ன தோன்ற வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன் வரையப்படும் படம் அழகாக இருக்கலாம், பயன்படாது.

நடக்க இயலாத ஒருவர் சக்கர நாற்காலியில் அஞ்சல் நிலையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்வாசலில் படிகள். பின்புறமாகச் சுற்றிச் சென்றால் சாய்தளம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இருப்பது அவருக்குத் தெரியாது. படிகளைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறார். சாய்தளம் கட்டியவரின் உழைப்பும் வீண். வந்தவரின் பயணமும் வீண். "இவ்வழியே வரலாம்" என்று தொலைவிலிருந்தே சொல்லும் ஓர் அடையாளம் இருந்திருந்தால் போதும்.

1960களில் மேலைநாடுகள் சிலவற்றில் சாய்தளங்களும் அகன்ற கதவுகளும் அமைக்கும் எண்ணம் பரவத் தொடங்கியபோது இந்தத் தேவை எழுந்தது. ரீஹேபிலிடேஷன் இண்டர்நேஷனல் என்னும் பன்னாட்டு மறுவாழ்வு அமைப்பு இதற்கெனச் சின்னம் ஒன்றைத் தேடியது. அந்தப் பொறுப்பை ஏற்ற குழுவுக்குச் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் மோன்டான் தலைமை தாங்கினார். சின்னம் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும்; விளக்கம் இல்லாமலே பொருள் புரிய வேண்டும்; எளிமையாக இருக்க வேண்டும்; வேறு எந்த அடையாளத்தோடும் குழப்பிக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. இவையே அவர்கள் எதிர்பார்த்த தகுதிகள்.  இந்தத் தகுதிகள் அனைத்தும் நிறைவேறினால் அழகு தானே வந்து சேரும்.

2. இரண்டாம் படி: உருவத்தைத் தேடுதல்

தேவை புரிந்துவிட்டது. இனி, அதை எந்த உருவத்தால் சொல்வது? இந்த இடத்தில் நாமே வடிவமைப்பாளராக இருந்து சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஊன்றுகோல் ஒன்றை வரையலாமா? கால் முறிந்து சில வாரம் ஓய்வெடுப்பவரையும் அது குறிக்கும். ஒரு கையைப் பற்றியிருக்கும் மற்றொரு கையை வரையலாமா? அது உதவியைக் குறிக்கும். ஆனால் அந்த மனிதருக்கு வேண்டியது உதவியன்று, வழி. வழி இருந்தால் அவர் தாமே வருவார். திறந்த கதவு? எல்லாக் கட்டடங்களுக்கும் கதவு உண்டு. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தால் சக்கர நாற்காலியே மிஞ்சுகிறது. மாற்றுத்திறனாளிகள் அனைவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆயினும் சக்கர நாற்காலி செல்லக்கூடிய வழியில் ஊன்றுகோலுடன் வருபவரும் செல்லலாம். மூட்டுவலியால் வருந்தும் பாட்டியும் செல்லலாம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரும் தாயும் செல்லலாம். ஒன்றைக் காட்டிப் பலவற்றை உணர்த்தும் உருவம் கிடைப்பதே இந்தப் படியில் கிடைக்கும் வெற்றி.

இதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது எல்லா மொழியினருக்கும் புரியும் சின்னம் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. சி சி என்னும் பாண்டா கரடி 1958 முதல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்து மக்களின் உள்ளங்களைக் கவர்ந்திருந்தது. அழிவை எதிர்நோக்கிய விலங்கு. பார்த்தவுடன் அன்பு தோன்றும் முகம். அதோடு உடல் முழுவதும் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஒரே மையில் அச்சடித்துவிடலாம், செலவு மிச்சம். ஜெரால்ட் வாட்டர்சன் வரைந்த மாதிரிப் படங்களிலிருந்து சர் பீட்டர் ஸ்காட் அந்தச் சின்னத்தை உருவாக்கினார். உலகில் உள்ள உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பாண்டா பேசுகிறது. அச்சுக்கூடத்தின் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

3. மூன்றாம் படி: வரைதலும் கழித்தலும்

இப்போதுதான் பென்சிலுக்கு வேலை. கணினி வந்துவிட்ட இந்நாளிலும் வடிவமைப்பாளர் பலர் முதலில் தாளில்தான் வரைகிறார்கள். தபால்தலை அளவில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியைக் கிறுக்கிப் பார்க்கிறார்கள். சிறிய கட்டத்தில் நுணுக்கங்களுக்கு இடமில்லை. ஆகவே கருத்து மட்டுமே அங்கு நிற்கும்.

பிறகு தொடங்குகிறது கழித்தல். இந்தக் கோடு இல்லாவிட்டால் பொருள் மாறுமா? மாறாதெனில் நீக்கு. இந்த வளைவு தேவையா? தேவையில்லையெனில் நீக்கு. பாண்டாச் சின்னத்தின் இப்போதைய வடிவத்தில் தலையின் மேற்புறத்துக்கும் முதுகுக்கும் எல்லைக்கோடே கிடையாது. வெள்ளைத் தாளே கரடியின் உடலாகிவிடுகிறது. இல்லாத கோட்டை நம் கண் வரைந்துகொள்கிறது. ஆனால் கண்களைச் சுற்றியுள்ள கறுப்புத் திட்டுகளை நீக்கிப் பாருங்கள். அது பாண்டாவாகவே இராது.

நம் நாட்டு ரூபாய்க் குறியீடும் இக்கழித்தலுக்கு நல்ல சான்று. மத்திய அரசு 2009இல் அறிவித்த போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. தேவநாகரியின் 'ர' எழுத்தும் ரோமன் எழுத்தான 'ஆர்' என்பதும் அதில் ஒன்றாகின்றன. ஆர் எழுத்தின் செங்குத்துக் கோடு நீக்கப்பட்டது. நீக்கியபின் அது தேவநாகரி எழுத்தோடு இயல்பாகப் பொருந்தியது. மேலே உள்ள இரண்டு கிடைக்கோடுகள் மட்டும் காக்கப்பட்டன. அவை தேவநாகரி எழுத்தின் தலைக்கோட்டை நினைவூட்டுகின்றன; சமன்குறியையும் காட்டுகின்றன. எந்தக் குழந்தையும் அதைக் கையால் எழுதிவிடலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு கோடையில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், வடநாடுகளைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவர்களின் பயிலரங்கு ஒன்று நடைபெற்றது. அங்கு டென்மார்க் நாட்டு மாணவி சுசானே கோஃபோட் சக்கர நாற்காலிச் சின்னத்தை வரைந்தார். அவர் அப்போது படித்துக்கொண்டிருந்த பெண் என்பதை நாம் மறக்கக் கூடாது. நாற்காலியின் முதுகு, இருக்கை, கால் வைக்கும் இடம், பெரிய சக்கரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கனமுள்ள சில கோடுகளில் அடக்கிவிட்டார். கைப்பிடி இல்லை, சக்கரத்தின் கம்பிகள் இல்லை, முன்சக்கரமும் இல்லை. தொலைவிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிந்தது. கழித்தல் கலையில் அந்த மாணவி பெற்ற தேர்ச்சி நம்மை வியக்க வைக்கிறது.

4. நான்காம் படி: பிறர் கண்ணால் பார்த்தல்

ஒரு படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் உள்ள குறை தெரியாமற் போவது இயல்பு. தம் மனத்தில் உள்ளதையே அவர் தாளிலும் காண்கிறார். எனவேதான் வடிவமைப்பாளர் தம் படைப்பைச் சோதனைகளுக்கு உட்படுத்துகிறார். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறார். சுவர் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறார். வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறார். இருபது அடி தள்ளி நின்று பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவரிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார். விளக்கம் சொல்ல வாய் திறக்காமல் காத்திருப்பதுதான் அப்போது அவருக்குக் கடினமான வேலை.

கோஃபோட்டின் சின்னமும் இவ்வாறு மற்றவர் கண்ணுக்குச் சென்றது. மோன்டானின் குழு அதைக் கூர்ந்து நோக்கியது. கோடுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருந்தமையால், பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி எழுதிய அடையாளம் போல அது தோன்றக்கூடும் என்று அவர்கள் கருதினர். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு மிகச் சிறியது: மேலே ஒரு வட்டம். அவ்வளவுதான். அந்த வட்டம் தலையாயிற்று. தலை வந்தவுடன் நாற்காலியின் முதுகுக்கோடு மனிதரின் முதுகாயிற்று, இருக்கைக்கோடு தொடையாயிற்று. வெறும் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு மனிதர் அமர்ந்துவிட்டார்!

படம் வரைய அறியாதவரும் வரையக்கூடிய வட்டம் அது. ஆனால் அது இல்லாதபோது சின்னம் ஒரு கருவியைக் காட்டியது; அது வந்தபின் ஒரு மனிதரைக் காட்டுகிறது. எளிமைப்படுத்துகிறோம் என்று எல்லாவற்றையும் நீக்கிக்கொண்டே சென்றால், யாருக்காக வரைகிறோமோ அவரே காணாமற் போய்விடலாம். கழிக்கத் தெரிவது பாதிக் கலை. எங்கே நிறுத்துவது என்று தெரிவது மறு பாதி. திருத்தப்பட்ட அந்த வடிவம் 1969இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கூடிய உலக மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. பெரும்பாலோர் அதை வரைந்தவரின் பெயரை அறியார். ஆனால் அவர் வரைந்ததை நாள்தோறும் காண்கின்றனர்.

5. ஐந்தாம் படி: ஒப்படைத்தல்

சின்னம் முடிந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. எந்த நிறம், எந்த அளவு விகிதம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவற்றையெல்லாம் விதிகளாக எழுதி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிடில் வரைகிறவர் ஒவ்வொருவரும் தம் மனம்போல மாற்றுவர். சில ஆண்டுகளில் சின்னம் சிதைந்துவிடும்.

இதனினும் முக்கியமான ஓர் உண்மை உண்டு. சின்னம் ஒரு பாத்திரம் போன்றது. அதை நிரப்புவது நம் செயல். 1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி ஒரு காலணி நிறுவனத்துக்காக 35 டாலர் ஊதியத்தில் ஒரு வளைவுக்கோடு வரைந்து கொடுத்தார். அதுவே இன்று உலகறிந்த நைக்கி சின்னம். (பின்னர் 1983இல் அந்நிறுவனம் தன் பங்குகளையும் அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.) வரைந்த அன்று அக்கோட்டுக்கு யாரும் பொருள் அறியார். அந்தக் காலணிகளை அணிந்து ஓடியவர்களே அதற்குப் பொருள் தந்தனர்.

பாத்திரத்தில் பொய்யை நிரப்பினால் என்னவாகும்? வெண்மையான தளத்தில் செஞ்சிலுவை என்னும் அடையாளம் 1864இன் ஜெனீவா உடன்படிக்கையில் பிறந்தது. போர்க்களத்தில் காயமுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் தாக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அதைக் கண்டவர்களெல்லாம் தம் விருப்பம்போல் பயன்படுத்தினால், உயிர் காக்க வேண்டிய நாளில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவேதான் நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி, அனுமதியின்றி அச்சின்னத்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. சின்னம் என்பது ஒரு வாக்குறுதி. சக்கர நாற்காலிச் சின்னத்தை ஒட்டிவிட்டு அதன் கீழே ஒரே ஒரு படியை விட்டுவைத்தாலும் அந்த வாக்குறுதி பொய்த்துவிடுகிறது.

6. சின்னமும் வளர்கிறது

காலம் மாறும்போது மக்களின் எண்ணமும் மாறுகிறது. சின்னத்தையும் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் சாரா ஹெண்ட்ரன் என்னும் கலைஞரும் பிரையன் கிளென்னி என்னும் தத்துவப் பேராசிரியரும் ஒரு கேள்வி எழுப்பினர். பழைய சின்னத்தில் இருப்பவர் ஏன் அசையாமல் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார்? அவர் நாற்காலியின் ஒரு பகுதி போலல்லவா தோன்றுகிறார்? அவர்கள் பழைய பலகைகளின் மீது, உள்ளே இருப்பது தெரியும்படியான ஒட்டுத்தாளை ஒட்டினர். அதில் அந்த மனிதர் முன்னோக்கிச் சாய்ந்து, கைகளால் தாமே சக்கரத்தை உந்திச் செல்கிறார். நியூயார்க் மாநிலம் 2014இல் இப்புதிய வடிவத்தைச் சட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. "கைகளையும் அசைக்க இயலாதவர்கள் இருக்கிறார்களே, விரைந்து செல்பவரை மட்டும் காட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்?" என்று மாற்றுத்திறனாளிகள் சிலரே கேட்டனர். அதுவும் நியாயமான கேள்வி அல்லவா? பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் பொதுச் சின்னங்களில் பழைய வடிவமே நீடிக்கிறது. இந்த விவாதத்தில் நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு: சின்னம் யாரைப் பற்றியதோ, அவர்களிடமே முதலில் கேட்க வேண்டும். நாம் தொடங்கிய முதற்படியும் அதுதானே!

7. நாம் செய்து பார்ப்போம்

படித்ததைக் கையால் செய்து பார்த்தால்தான் பாடம் நிலைக்கும். நம் வகுப்பு நூலகத்துக்கு ஒரு சின்னம் அமைப்போம். நால்வர் நால்வராகக் குழுவாகப் பிரிந்துகொள்ளலாம்.

முதல் நாள் பென்சிலைத் தொட வேண்டாம். நூலகத்துக்கு வரும் மாணவியர் ஐவரிடமும், வராத ஐவரிடமும் பேசிக் குறித்துக்கொள்வோம். இரண்டாம் நாள் தபால்தலை அளவில் 20 கட்டங்கள் போட்டு இருபதிலும் வரைவோம். முதலில் தோன்றும் நான்கைந்தும் திறந்த புத்தகமாகவும் விளக்காகவும்தான் இருக்கும். அவை எல்லாருக்கும் தோன்றுபவை. அவற்றைத் தாண்டியபின் வருபவையே நமக்குச் சொந்தமானவை. மூன்றாம் நாள் அவற்றுள் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொரு கோடாக மறைத்துப் பார்த்து, தேவையற்றதை நீக்குவோம். நான்காம் நாள் அவற்றைக் கரும்பலகையில் பெரிதாகவும், கட்டைவிரல் நகத்தளவில் சிறிதாகவும் வரைந்து, கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் காட்டி, "இது என்ன, சொல்லம்மா?" என்று கேட்போம். அவள் சொல்லும் விடையை மறுக்காமல் அப்படியே எழுதிக்கொள்வோம்.

இதற்குப் பின் இன்னொரு பயிற்சியும் இருக்கிறது. இதற்குப் பென்சில் தேவையில்லை. பள்ளி வளாகத்தை ஒரு முறை சுற்றி வந்தால் போதும். நுழைவாயில், வகுப்பறைகள், நூலகம், சிற்றாலயம், குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சக்கர நாற்காலியில் ஒரு தோழி அடுத்த ஆண்டு நம் வகுப்பில் வந்து சேர்ந்தால், இவற்றில் எந்தெந்த இடத்தில் அந்த நீலச் சின்னத்தை உண்மையாகவே ஒட்டலாம்? ஒட்ட முடியாத இடங்களைப் பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று எழுதி, தலைமை ஆசிரியை அவர்களிடம் கொடுப்போம்.